தானே கற்றவன் என்றால் கற்காதவனா?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். முடியவில்லை. அத்தனை பிள்ளைகளை உட்காரவைத்துக்கொண்டு, "டச்சு ஓவியர் வான்கோ எங்கே படித்தார்? பிறவி மேதை! தூரிகையை எடுத்தார், வரைந்தார்" என்கிறார் பேச்சாளர். கைதட்டல் வேறு.

எடுத்ததும் வரைந்தாரா, ஐயா? 1880இல் ஓவியனாவது என்று முடிவெடுத்தபோது அவருக்கு வயது 27. அதற்குமுன் ஓவியக் கடையில் வேலை, பெல்ஜியச் சுரங்கத் தொழிலாளர்களிடையே போதகர் வேலை, இரண்டும் நிலைக்கவில்லை. பிறகு பிரெஞ்சு ஓவியர் சார்ல் பார்கின் ஓவியப் பயிற்சித் தாள்களை வைத்துக்கொண்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டுவதுபோல் ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்தார். தூரமும் அளவும் பிடிபட, நூல் கட்டிய மரச்சட்டத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். எந்த நிறம் எதோடு சேரும் என்று பார்க்கக் கம்பளி நூல் உருண்டைகளை ஒரு பெட்டியில் வைத்திருந்தார். 1885இல் 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' ஓவியம் வருவதற்குமுன் குடியானவர் முகங்களையே டஜன் டஜனாக வரைந்து தள்ளினார். தானே கற்றவன், கற்காதவன் அல்ல. திரும்பவும் சொல்கிறேன், கற்காதவன் அல்ல.

"பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் ஓவியப் பள்ளியில் சேர்ந்தாரே" என்று ஒருவர் வருவார். சேர்ந்தார், 1886 தொடக்கத்தில், சில வாரங்கள். அதற்காக அவரைப் பட்டதாரி ஆக்கிவிடாதீர்கள். அதற்கும் முன்பு உறவினரான ஓவியர் அந்தோன் மோவ் எண்ணெய் வண்ணத்தைப் பழக்கினார், உண்மை. பிளாஸ்டர் உருவங்களைப் பார்த்து வரைய மோவ் சொன்னபோது நம் ஆள் அவற்றைக் கரித்தொட்டியில் போட்டு உடைத்தார். (தவறுதான். ஆனாலும் எனக்குப் பிடித்த இடம்.) "திறமை என்று ஒன்று இல்லையா?" இருக்கட்டுமே, யார் வேண்டாம் என்றது.

இவ்வளவு கோபம் எதற்கு என்பீர்கள். சில வருடங்களுக்குமுன் ஒரு கண்காட்சிக்கு என் படங்களைக் கொண்டுபோனேன். விண்ணப்பத்தில் 'பயின்ற இடம்' என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டிருந்தேன். மேசையில் இருந்தவர் படங்களைச் சுற்றியிருந்த துணியைக்கூட அவிழ்க்கவில்லை. "பொழுதுபோக்கா?" என்றார். பதினோரு வருடம், இரவுச் சமையல் முடித்துப் பாத்திரம் கழுவிவைத்த பிறகு வரைந்தவை.

ஆக, உயிரோடிருந்தால் பொழுதுபோக்கு. செத்து நூறு வருடம் ஆனால் பிறவி மேதை. நடுவில் உழைப்பு என்று ஒன்று யார் கண்ணிலும் படாது!

பணம் அனுப்பிக்கொண்டே இருந்த வான்கோவின் தம்பி தியோவின் கண்ணில் மட்டும் பட்டது. தியோவின் மனைவி யோஹன்னா 1914இல் அச்சேற்றிய வான்கோவின் கடிதங்களைப் புரட்டிப் பாருங்கள். எத்தனை குழாய் வண்ணம், எவ்வளவு கான்வாஸ் என்ற கணக்கு திரும்பத் திரும்ப வரும். 1890 ஜூனில், சுமார் 800 எண்ணெய் ஓவியங்கள் வரைந்த கையால், அந்தப் பார்க் தாள்களை மறுபடியும் பார்த்து வரைய வேண்டும் என்று தம்பிக்கு எழுதுகிறார். ஜூலை 29 அன்று இறந்துபோனார்.