‘பெ’ நகர்ந்தால் பொருளும் நகரும்

‘ஸ்டார் ட்ரெக்’ கதைகளில் வரும் கிளிங்கன் இனத்தாருக்காக உருவாக்கப்பட்ட கிளிங்கன் மொழி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அம்மொழியின் வினைக்கு ஒன்பது வகைப் பின்னொட்டுகள், அவற்றின் வரிசை மாறாது என்று அதில் சொல்வது சரி. ஆனால் இடம் மாறி வரும் ஒட்டுகளை ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே! எனக்கு மிகவும் பிடித்தவை அவைதான். ‘பி’ என்றால் நீ, ‘ஷோப்’ சாப்பிடு, ‘விப்’ பயம், ‘பெ’ மறுப்பு. ‘பிஷோப்விப்பெ’ என்றால் சாப்பிட நீ பயப்படவில்லை. அதே ‘பெ’ ஓரிடம் முன்னே வந்து ‘பிஷோப்பெவிப்’ ஆனால், சாப்பிடாமல் இருக்க நீ பயப்படுகிறாய். எதை ஒட்டி நிற்கிறதோ அதைத்தான் மறுக்கும், எவ்வளவு அழகு! அப்புறம், ‘நான்’, ‘நாங்கள்’ என்பவற்றோடு ‘விப்’ சேர்ப்பது இலக்கணப்படி தவறில்லை. ஆனாலும் கிளிங்கன்கள் அப்படிப் பேசமாட்டார்கள், அவர்கள் பண்பாட்டில் அது கூடாத பேச்சு. இம்மொழியை உருவாக்கிய மார்க் ஓக்ராண்டின் 1985 கிளிங்கன் அகராதியிலேயே இது இருக்கிறது.