வெறும் கண்ணாடியில் ராஸ் மீன் தூங்குமா?

பவளத்தொட்டி, அதாவது உயிருள்ள பவளமும் கடல் மீனும் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி, வைக்க ஆசைப்பட்டு யார் கூப்பிட்டாலும் மூன்றாவது கேள்வியாக இது வந்துவிடும்: "அண்ணே, அடியில மணல் போடவா, வெறும் கண்ணாடியா விட்டுடவா?" நான் திருப்பிக் கேட்பேன், "என்ன மீன் வாங்கப் போறீங்க?" அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. மீனைப் பற்றி இன்னும் யோசித்திருக்க மாட்டார். மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நைட்ரேட்டைப் பற்றி மட்டும் மூன்று நாள் படித்திருப்பார்.

இந்த நைட்ரேட் சண்டை எனக்கு அலுத்துவிட்டது. 90களில் அமெரிக்காவில் கடல் உயிரியலாளர் ரான் ஷிமெக் போன்றவர்கள் நாலு அங்குலத்துக்குக் குறையாமல் நுண்மணல் போடச் சொன்னார்கள். ஆழத்தில், ஆக்சிஜன் எட்டாத இடத்தில் வாழும் பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றிவிடும் என்பது கணக்கு. அப்புறம் அக்ரோபோரா என்ற பவள வகையை வளர்ப்பவர்கள் நேர் எதிராகப் போனார்கள். அடியில் ஒன்றும் வேண்டாம், நீரோட்டத்தைப் பலமாக வை, கழிவு கண்ணில் பட்டதும் உறிஞ்சி எடு என்றார்கள். இரண்டுமே சரிதான். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் நல்ல ஸ்கிம்மரும் போதுமான பாறையும் இருந்து, கைக்கு அடக்கமாகத் தீனி போட்டால் எந்த வழியிலும் நைட்ரேட் அடங்கும். அதனால் இதை வைத்து அடித்தளத்தை முடிவு செய்வது வீண் வேலை.

நான் இரண்டிலும் அடிபட்டவன். சிங்கப்பூரில் ஈசூன் பகுதியில் இருந்தபோது ஆழமான மணல்தான். மூன்று வருடம் ஒரு குறையும் இல்லை. பொங்கோலுக்கு வீடு மாறியபோது, காசு கொடுத்து வாங்கிய மணலாயிற்றே என்று வாளிகளில் அள்ளிக் கொண்டுபோனேன். மின்தூக்கி முழுக்க அழுகிய முட்டை நாற்றம். கூட வந்த ஆன்டி மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். ஹைட்ரஜன் சல்பைடு. புத்தியுள்ளவன் அங்கேயே குப்பையில் கொட்டியிருப்பான். நான் அலசக்கூட இல்லாமல் தொட்டியில் கொட்டினேன். மறுநாள் காலை மூன்று மீன்கள் போய்விட்டன.

அந்தப் பயத்தில் இரண்டு வருடம் வெறும் கண்ணாடி. பொய் சொல்லக் கூடாது, பராமரிக்க அவ்வளவு சுலபம். பம்பை எவ்வளவு வேகமாக வைத்தாலும் மணல் புயல் இல்லை. சில மாதங்களில் கண்ணாடி மேல் ஊதா நிறத்தில் கோரலைன் பாசி படர்ந்துவிடும், அதுவும் ஓர் அழகுதான்.

பிறகு ஒரு மஞ்சள் ராஸ் வாங்கி வந்தேன். அது விளக்கணையும் நேரத்தில் மணலுக்குள் தலைகீழாகப் பாய்ந்து புதைந்து தூங்குகிற மீன். எனக்குத் தெரியும், தெரிந்தேதான் வாங்கினேன். முதல் ராத்திரி மூலைக்கு மூலை போய்க் கண்ணாடியை மூக்கால் முட்டி முட்டிப் பார்த்தது. பார்க்கச் சகிக்கவில்லை. மறுநாள் ஒரு சாப்பாட்டு டப்பாவில் மணல் நிரப்பி உள்ளே வைத்தேன். அன்று இரவே போய்ப் படுத்துக்கொண்டது. "பையனுக்கே இன்னும் தனி ரூம் இல்ல" என்றாள் மனைவி.

டப்பாவோடு நின்றிருப்பேன். என் மனசை மாற்றியது, நண்பர் வீட்டில் பார்த்த கோபி மீனும் பிஸ்டல் இறாலும். அந்த இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. நாள் முழுக்க வளை தோண்டி, புல்டோசர் மாதிரி மணலை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். கோபி வாசலில் காவல். இறால் வெளியே வரும்போது ஒரு மீசை எப்போதும் கோபியின் உடம்பைத் தொட்டபடி இருக்கும். ஆபத்து என்றால் கோபி வாலை ஒரு துடி துடிக்கும், இரண்டும் ஒரே நொடியில் உள்ளே. ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன், காப்பி ஆறிப்போனது. வெறும் கண்ணாடியில் இந்தக் குடித்தனத்துக்கு வழியே இல்லை.

இப்போது என் தொட்டியில் இரண்டு அங்குல மணல், ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் பருமன். பொடி மணல் பம்பு ஓடினால் பறக்கும். பாறையை முதலில் கண்ணாடி மேல் உட்கார வைத்துவிட்டு அப்புறம்தான் மணல் கொட்ட வேண்டும். மணல் மேல் பாறையை வைத்தால் இறால் அடியில் தோண்டி ஒருநாள் மொத்தத்தையும் சரித்துவிடும். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் அள்ளி வரலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். கடையில் விற்கும் அரகோனைட் சுண்ணாம்பு வகை, கடற்கரையில் கிடப்பது பெரும்பாலும் சிலிக்கா.

இரண்டு அங்குலம் என்பது இரண்டுங்கெட்டான், ஆழமும் இல்லை சுத்தமும் இல்லை என்பார்கள். நைட்ரேட்டுக்காகப் போட்டிருந்தால் அது நியாயமான பேச்சு. நான் படுக்கைக்காகப் போட்டேன். அக்ரோபோராவும் டேங் மீன்களும் மட்டும் போதும் என்பவர் கண்ணாடியை வெறுமையாகவே விடட்டும், அவரிடம் எனக்கு வழக்கு இல்லை.

விலையும் கொடுக்கிறேன். சனிக்கிழமைதோறும் மணலில் கால் பாகத்தைக் குழாய் வைத்து உறிஞ்ச வேண்டும், ஒரு வாரம் விட்டாலும் ஓரத்தில் அழுக்குக் கோடு தெரியும். அதையும் காலையில் சீக்கிரம் முடிக்க முடியாது. ராஸ் எந்தப் பக்கம் புதைந்திருக்கிறது என்று தெரியாதே. ஒன்பதரை, சில நாள் பத்து. அது தலையை நீட்டும்வரை வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.