சேர்ப்பதற்கு முன் சட்டத்தையும் பாருங்கள்

போதைப் பழக்கத்திலும் கட்டுக்கடங்காத கோபத்திலும் சிக்கிய பதின்வயதுப் பிள்ளைகளைத் தங்கும் வசதியுள்ள மையங்களில் சேர்ப்பதே நல்லது என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அந்தச் சேர்க்கைக்குச் சட்டம் விதிக்கும் நிபந்தனைகளை அவர் குறிப்பிடாதது பெருங்குறை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 87ஆவது பிரிவில், பதினெட்டு வயது நிரம்பாதவரை மனநல நிலையத்தில் அனுமதிக்க வேண்டுமானால், ஒரு மனநல மருத்துவரும் அவருடன் மற்றொரு மனநல மருத்துவரோ மனநல வல்லுநரோ பொது மருத்துவரோ, சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள்ளோ, தனித்தனியே பரிசோதித்து, நிலையத்தில் சேர்க்காமல் வெளியிலேயே தரும் சிகிச்சை பயன்படாது என்று முடிவு செய்திருக்க வேண்டும் என்கிறது. பெரியவர்களிடமிருந்து பிள்ளையைத் தனியே தங்க வைக்க வேண்டும். பெற்றோரோ அவர்கள் நியமிக்கும் துணையாளரோ உடனிருக்க வேண்டும். 72 மணி நேரத்திற்குள் மனநல மறுஆய்வு வாரியத்திற்குத் தகவல் போக வேண்டும்.

என் அக்காள் மகனுக்காக மூன்று மையங்களில் விசாரித்தேன். உடன் தங்குவதைப் பற்றிக் கேட்டதும், "பெற்றோர் வந்தால் பையன் திருந்த மாட்டான்" என்றே மூன்றிலும் பதில் வந்தது. (கட்டணப் பட்டியல் மட்டும் அழகாக அச்சிடப்பட்டிருந்தது.) அவனை எங்கும் சேர்க்கவில்லை. அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மனஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேச முடிந்தது. அங்கிருந்து அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனோம், இப்போது வாரம் ஒருமுறை ஆலோசனை நடக்கிறது.