அந்த வழக்கில் ஆப்பிள் வெல்லவில்லை

"2016இல் எஃப்.பி.ஐ. கேட்டும் ஆப்பிள் எதையும் தரவில்லை, நீதிமன்றமும் ஆப்பிள் பக்கமே தீர்ப்பளித்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி ஒரு தீர்ப்பு வரவே இல்லை.

அது, 2015இல் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் துப்பாக்கிச்சூடு நடத்தியவரின் பூட்டிய ஐபோனைத் திறப்பது பற்றிய வழக்கு. அதில் பிப்ரவரி 16 அன்று நீதிமன்றம் ஆப்பிளுக்கு எதிராகத்தான் உத்தரவிட்டது. பத்து முறை கடவுக்குறியீட்டைத் தவறாகப் போட்டால் அந்த ஐபோன் 5சியின் தரவு அழிந்துவிடலாம் என்று புலனாய்வாளர்கள் அஞ்சினார்கள். அந்தப் பாதுகாப்பை நீக்கும் மென்பொருளை ஆப்பிளே எழுதித் தர வேண்டும் என்றார்கள். இதற்கு அரசு தூசி தட்டி எடுத்தது, தேவையான ஆணைகளைப் பிறப்பிக்க நீதிமன்றங்களுக்கு அதிகாரம் தரும் 1789ஆம் ஆண்டுச் சட்டம்! ஆப்பிள் எதிர்த்தது. மார்ச் 22இல் விசாரணை. முந்தைய நாள் அரசே அவகாசம் கேட்டது. 28ஆம் தேதி, வெளியார் உதவியுடன் போனைத் திறந்துவிட்டதாகச் சொல்லி வழக்கிலிருந்து பின்வாங்கியது.

ஆப்பிளுக்குச் சாதகமான உத்தரவு வந்தது நியூயார்க்கின் புரூக்ளினில், ஒரு போதைப்பொருள் வழக்கில். அது வேறு போன். குழப்பம் அங்கேதான் என்று நினைக்கிறேன்.

"எதையும் தரவில்லை" என்பதும் சரியல்ல. ஆப்பிளின் இணையச் சேமிப்பகமான ஐகிளவுடில் இருந்த, அந்த சான் பெர்னார்டினோ போனின் காப்பு நகல்களை ஆப்பிள் ஒப்படைத்தது. அவற்றைத் திறக்கும் சாவி அதனிடமே இருந்தது, விளம்பரங்களில் அதைச் சொல்வதில்லை, அவ்வளவுதான். கடைசி நகல் 2015 அக்டோபர் 19இல் எடுக்கப்பட்டது. போனிலிருந்து ஐகிளவுடுக்குப் புதிய நகல் தானாக ஏறும் வாய்ப்பும் இருந்தது. எஃப்.பி.ஐ. சொல்லி ஐகிளவுட் கடவுச்சொல் மாற்றப்பட்டதால் அந்த வழியும் அடைபட்டது.