இறால் பிரியாணியும் தவக்காலமும்

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் வந்தாலே எங்கள் பெங்களூரு தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் முதல் பேச்சு கறியைப் பற்றித்தான். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி (ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு), மற்ற வெள்ளிகளில் சுத்தபோசனம் (கறி தவிர்ப்பது). ஒருசந்தி 18 முதல் 59 வயது வரை, சுத்தபோசனம் 14 வயதிலிருந்து. மீனும் இறாலும் திருச்சபையின் இந்தச் சட்டத்தில் வராது. அதனால் வெள்ளி மதியம் இறால் பிரியாணி ஆர்டர் பண்ணிவிட்டு, "நான் கறியே தொடல" என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்கள் உண்டு. சட்டப்படி அவர்கள் சொல்வது சரிதான். எனக்கு உறுத்துவதே அந்த 'சட்டப்படி'தான்.

தவக்கால முதல் ஞாயிறு நற்செய்தியைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். பாலைநிலத்தில் 40 நாள் பட்டினி கிடந்த இயேசுவிடம் கல்லை அப்பமாக்கிச் சாப்பிடச் சொல்கிறான் சாத்தான். பசித்தவர் சாப்பிடுவது பாவமா என்ன? பின்னாளில் இயேசுவே ஐயாயிரம் பேருக்கு அப்பத்தைப் பெருக்கிக் கொடுத்தார். முடியாமல் இல்லை, தனக்காக அதைச் செய்யவில்லை, அவ்வளவுதான். அடுத்து கோவில் உச்சியில் நிறுத்தி, கீழே குதி, கடவுள் காப்பார் என்று விவிலியத்தின் திருப்பாடல் 91-ஐ ஒப்பிக்கிறான். (வசனம் மனப்பாடமாகத் தெரிந்தால் சோதனை அண்டாது என்று நம்புகிறவர்கள் கவனிக்கவும். அவனுக்கும் தெரியும்.) மூன்றாவது, தன்னை வணங்கினால் உலக அரசுகளையெல்லாம் தருகிறேன் என்கிறான். மூன்றுக்கும் இயேசு விவிலியத்தின் இணைச்சட்ட நூலிலிருந்தே பதில் சொல்கிறார். பாலைநிலத்தில் 40 ஆண்டு அலைந்த மக்களுக்கு மோசே சொன்ன சொற்கள் அவை.

எனக்குப் புரிந்தவரை, சோதனை பெரும்பாலும் கெட்ட காரியத்தின் முகத்தோடு வருவதில்லை. உனக்கு உரிமை இருக்கிறது, எடுத்துக்கொண்டால் என்ன என்றுதான் கேட்கிறது. டீமில் சின்னப் பையன் ராத்திரி முழுக்க உட்கார்ந்து முடித்த வேலையை மேனேஜரிடம் நம் பெயரில் காட்டுகிறோம். வீட்டுவேலைக்கு வரும் அக்கா காய்ச்சலில் ரெண்டு நாள் வரவில்லை என்றால் சம்பளத்தில் பிடிக்கிறோம். இதில் எந்தச் சட்டத்தை மீறினோம்?

2026-ல் திருநீற்றுப் புதனும் ரமலான் நோன்பின் தொடக்கமும் ஒரே வாரத்தில் வந்தன. சிவாஜிநகரில் பூசை முடித்து வெளியே வந்தால் கபாப் வாசனை, 'பெரிய சோதனை' என்று நமக்குள் ஜோக். அதைச் சுட்டு விற்கிறவர் விடிந்ததிலிருந்து தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டார். நம் ஒருசந்தியில் ஒருவேளை முழுச் சாப்பாடு உண்டு, இன்னும் இரண்டு வேளை கொஞ்சமாகச் சாப்பிடலாம், தண்ணீருக்குத் தடையே இல்லை. அப்புறமும் சாயங்காலம் தலைவலி என்று புலம்பல்.

நோன்பு நாளில் உங்கள் ஆதாயத்தைத்தான் பார்க்கிறீர்கள், வேலையாட்களைக் கசக்கிப் பிழிகிறீர்கள் என்று விவிலியத்தில் இறைவாக்கினர் எசாயா நூலின் 58-ஆம் அதிகாரம் நேராகவே திட்டுகிறது. திருநீற்றுப் புதனுக்கு அடுத்த வெள்ளி பூசையில் வருகிற வாசகம் அது. வார நாள் பூசை என்பதால் நம்மில் பலர் அந்த நேரம் ஆபீசில் இருக்கிறோம்.