பேர் லவாலும் ஒரு கட்டு முருங்கைக் கீரையும்

செப்டம்பர் 8 ராத்திரி, இங்கே மொரீஷியஸ் தீவில் பேர் லவால் என்ற பிரெஞ்சுப் பாதிரியாரின் கல்லறைக்கு ஊரோடு சேர்ந்து நடந்துபோனபோது நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, குடும்ப வாட்ஸப் குழுவில் பெரியப்பா ஒரே ஒரு வரி கேட்டிருந்தார்: "என்னம்மா, மதம் கிதம் மாறிட்டியா?" அங்கேயே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டுகொண்டே போயிற்று. அதனால் இங்கே எழுதுகிறேன்.

மாறவில்லை பெரியப்பா. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்து நடக்கிற அதே பெண்தான் அன்று ராத்திரி கையில் மெழுகுவத்தியோடு நடந்தேன். என்னோடு நடந்த பக்கத்து வீட்டு தாந்தீனும் அப்படித்தான். தாந்தீன் என்பது இங்கே அத்தை, சித்தி, பெரியம்மா எல்லோருக்கும் பொதுவான ஒரு சொல். எழுபது வயதைத் தாண்டியவர், நெற்றியில் விபூதி இல்லாமல் வாசல் படி இறங்க மாட்டார். தமிழ் பேச வராது. நாலைந்து தலைமுறையாக வீட்டில், பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்தத் தீவின் பேச்சு மொழியான கிரியோல்தான். ஆனால் காவடிக்கு விரதம் இருப்பதைப் போலவே, செப்டம்பர் மாதம் பேர் லவால் கல்லறைக்கு நடந்து போவதையும் ஒரு வருஷம்கூட விட்டதில்லை.

மொரீஷியஸில் செப்டம்பர் என்றால் குளிர் இன்னும் முழுசாக விட்டிருக்காது. ரோஸ் ஹில்லில் இருந்து இருட்டிய பிறகு கிளம்பி, போ பாஸேன் தாண்டி, கொரோமண்டல் வழியாக போர்ட் லூயிஸ் பக்கம் இறங்கினோம். கொரோமண்டல் என்ற பலகையை ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் எனக்கு மனசு ஒரு கணம் நிற்கும். நம் சோழமண்டலம்தான் ஐரோப்பியர் வாயில் புகுந்து, கடல் தாண்டி, இங்கே ஒரு ஊர்ப் பெயராக உட்கார்ந்திருக்கிறது. சாலை நெடுக ஆட்கள். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்ட அப்பா, தலையில் முக்காடிட்ட ஒரு முஸ்லிம் அம்மாள், ரோஜாக் கட்டோடு பள்ளிப் பிள்ளைகள். யாரும் யாரையும் எந்த மதம் என்று கேட்கவில்லை.

கல்லறை இருக்கிற சேந்த் குருவா போய்ச் சேர்ந்ததும் தாந்தீன் செருப்பைக் கழற்றினார். வரிசை நகர்ந்து கல்லறைக்கு அருகே வந்ததும் வலது கையை அதன் மேல் வைத்து, கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய ஏதோ சொன்னார். பிறகு அந்தக் கையைத் தன் முழங்காலில் தடவிக்கொண்டார், பின்னால் நின்ற பேரனின் நெற்றியிலும் வைத்தார். தீபாராதனைத் தட்டில் கையை ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொள்வோமே, அதே அசைவு. அதே சேந்த் குருவா வட்டாரத்தில்தான் தமிழர்களின் பெரிய மீனாட்சி சொக்கலிங்கம் கோவிலும் இருக்கிறது. கைலாசோன் என்பார்கள் இங்கே. தாந்தீனுக்கு இரண்டும் ஒரே தெருவில் இருக்கும் இரண்டு தெய்வ சந்நிதி.

சரி, யார் இந்த லவால்?

ழாக் தெசிரே லவால். பேர் என்றால் பிரெஞ்சில் தந்தை, நம் ஊரில் ஃபாதர் என்கிறோமே அதுதான். 1803-ல் பிரான்சின் நார்மண்டியில் பிறந்தவர். முதலில் டாக்டர். பாரிசில் படித்துப் பட்டம் வாங்கி, ஊரில் வைத்தியம் பார்த்தவர். முப்பது வயதுக்கு மேல் அதையெல்லாம் விட்டுவிட்டு குருமடத்தில் சேர்ந்தார். 1838-ல் குருவானார், 1841 செப்டம்பர் 14-ல் போர்ட் லூயிஸில் கப்பலிறங்கினார். 1864 செப்டம்பர் 9-ல் இங்கேயே இறந்தார். நடுவில் 23 வருஷம். ஒரு தடவைகூட ஊர் திரும்பவில்லை. 1979-ல் போப் இரண்டாம் ஜான் பால் அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தார். 2019-ல் போப் பிரான்சிஸ் இங்கே வந்தது சரியாக அந்த செப்டம்பர் 9 அன்றுதான்.

அவர் வந்து இறங்கிய காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1835 பிப்ரவரி 1-ல் இந்தத் தீவில் அடிமை முறை ஒழிந்தது. காகிதத்தில் ஒழிந்தது என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் "பயிற்சிக் காலம்" என்று பெயர் வைத்து அதே முதலாளியிடம் 1839 வரை வேலை வாங்கினார்கள். 60,000-க்கும் மேற்பட்ட மனிதர்கள். அவர்களை வைத்திருந்தவர்களுக்கு பிரிட்டிஷ் அரசு 20 லட்சம் பவுண்டுக்கு மேல் நஷ்ட ஈடு கொடுத்தது. அடிமையாக இருந்தவர்களுக்கு ஒரு காசு இல்லை. நிலம் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. விடுதலை கிடைத்ததும் அவர்கள் கரும்புத் தோட்டத்தை விட்டு வெளியேறினார்கள். அந்த இடத்துக்குத்தான் நம் ஆட்களைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்தார்கள். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. தாந்தீனின் கொள்ளுத்தாத்தா நின்ற கரும்புக் காடு, அதற்கு முன்னால் வேறொருவர் முதுகில் அடி வாங்கிக்கொண்டு நின்ற காடு.

அந்த வெளியேறிய மக்களிடம்தான் லவால் போனார். அவர்கள் பெரும்பாலும் மொசாம்பிக்கிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்கள், அவர்களின் பிள்ளைகள். அவர்களுக்குப் பொதுவான பேச்சு கிரியோல். பிரெஞ்சு பேசும் பெரிய வீட்டுக்காரர்கள் அதை ஒரு மொழி என்றே மதிக்கவில்லை. உடைந்த பிரெஞ்சு, சமையற்கட்டுப் பேச்சு என்றார்கள். படித்த டாக்டர், பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவர், அந்தப் பேச்சைப் போய்க் கற்றுக்கொண்டார். அதிலேயே எளிய ஞானோபதேசம் எழுதினார். பகலெல்லாம் வேலை செய்துவிட்டு வருகிறவர்களுக்கு சாயங்காலம் பாடம். புரிந்துகொண்டவர்களில் சிலரை உபதேசியார்களாக்கி, மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்பினார். ஆண்கள் மட்டுமல்ல, பெண்களும். நேற்று வரை விலை சொல்லி விற்கப்பட்டவர் இன்று நாலு பேருக்கு ஆசிரியர். ஜெயிலுக்குப் போனார், நோயாளிகளிடம் போனார். காலரா வந்தபோது பழைய வைத்தியப் படிப்பு கைகொடுத்தது. வெள்ளைத் தோட்ட முதலாளிகளுக்கு அவரைப் பிடிக்கவில்லை, அது ஆச்சரியமும் இல்லை.

இவருக்கு முன்பே 1814-ல் லண்டன் மிஷனைச் சேர்ந்த ழான் லெப்ரன் வந்து, போர்ட் லூயிஸில் வெள்ளையரல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அவரைப் பற்றி இன்னொரு நாள்.

நம் ஊரிலும் மிஷனரிகளைக் கொண்டாடத் தெரியும். மெரினாவில் வீரமாமுனிவருக்கும் கால்டுவெல்லுக்கும் ஜி.யு. போப்புக்கும் சிலை வைத்திருக்கிறோம். வைக்க வேண்டியதுதான். ஆனால் ஏன் வைத்தோம் என்று யோசித்தால், அவர்கள் நம் மொழியின் பெருமையைப் பார்த்து வியந்தார்கள் என்பதால். திருக்குறளை மொழிபெயர்த்தார் ஜி.யு. போப். கற்றுக்கொள்கிறவருக்கு அந்த மொழியே பெரிய சொத்தைத் திருப்பிக் கொடுத்தது. லவால் கற்ற மொழியில் அப்போது திருக்குறள் இல்லை, திருவாசகம் இல்லை, அச்சில் அவருக்குக் கிடைத்தது அநேகமாக எதுவுமே இல்லை. பேசுகிறவர்களே வெட்கப்பட்ட மொழி. அந்த மனிதர்களிடம் பேச வேண்டும் என்பதைத் தவிர அதைக் கற்க வேறு காரணமே இல்லை. என்னைக் கேட்டால் அது இன்னும் பெரிய காரியம்.

இது ஏன் எனக்கு இவ்வளவு உறைக்கிறது என்றால், நானும் வெளியூரிலிருந்து வந்து இங்கே சொல்லிக்கொடுக்கிறவள்.

கல்யாணமாகி வந்து பதினோரு வருஷம் ஆகிறது. வந்த மூன்றாவது மாதமே, கோவில் கூடத்தில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறாயா என்று கேட்டார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ரூபாய் நோட்டிலேயே தமிழ் இருக்கிற நாடு, பிள்ளைகள் நாக்கில் மட்டும் ஏன் இல்லை என்ற ஆவேசம் வேறு. முதல் நாளே கரும்பலகையில் எழுதிப் போட்டேன்: வகுப்பில் கிரியோல் பேசக் கூடாது.

ஒன்பது வயதுப் பையன் ஒருவன். இன்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். எழுந்து நின்று, "மிஸ், பூயோன் முரூம்" என்றான். "தமிழில் சொல்" என்றேன். விழித்தான். மறுபடியும் அதையே சொன்னான். நான் குரலை உயர்த்தி, "தமிழில்!" என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். இரண்டு வாரம் கழித்து அவன் வருவதை நிறுத்திவிட்டான்.

அப்புறம் ஒரு நாள் ரோஸ் ஹில் மார்க்கெட்டில் கீரைக்காரம்மா ஒரு கட்டை எடுத்து நீட்டி "பிரேத் முரூம்" என்றார். சின்னச் சின்ன வட்ட இலை, அந்தப் பச்சை வாசனை. முருங்கைக் கீரை. முரூம் என்றால் முருங்கை. பூயோன் முரூம் என்றால் முருங்கைக் கீரைத் தண்ணிச்சாறு. அந்தப் பிள்ளை முதல் தடவையே எனக்குத் தமிழில்தான் பதில் சொல்லியிருக்கிறான். அவன் வீட்டு அடுப்பில் நூறு வருஷத்துக்கு மேல் யாரும் சொல்லிக்கொடுக்காமலே காப்பாற்றி வைத்திருந்த ஒரு தமிழ்ச் சொல்லை என் முன்னால் கொண்டுவந்து வைத்தான். நான் அதைத் தட்டிவிட்டேன். கீரைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மார்க்கெட்டில் நான் நின்ற நிலை இப்போதும் மறக்கவில்லை.

அந்தப் பையன் தாந்தீனின் பேரன். இந்த வருஷம் கல்லறையில் நெற்றியைக் காட்டி நின்றவன் அவன்தான். வளர்ந்துவிட்டான், ஹோட்டலில் வேலை. வழியெல்லாம் பாட்டியின் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். என்னோடு கிரியோலில்தான் பேசினான், நானும் கிரியோலில்தான் பேசினேன்.

கிரியோலை ஒழுங்காகக் கற்றுக்கொண்டது அந்தக் கீரைக் கட்டுக்குப் பிறகுதான். கற்ற பிறகுதான் என் மாணவர்களின் தவறுகள் எனக்குப் புரிந்தன. "அவன் சாப்பிட்டேன்" என்று எழுதுவார்கள். சிவப்பு மையால் சுழித்து சுழித்து எனக்கே சலித்துப்போயிருந்தது. கிரியோலில் மோ தீ மாஞ்ஜே என்றால் நான் சாப்பிட்டேன், தோ தீ மாஞ்ஜே என்றால் நீ சாப்பிட்டாய், லி தீ மாஞ்ஜே என்றால் அவன் சாப்பிட்டான். வினை மாறவே மாறாது. யார் செய்தது என்பதை வினையின் வாலில் கட்டுகிற வழக்கமே அந்தக் காதுக்குப் புதிது. அந்த லி-யில் ஆண், பெண் பேதமும் கிடையாது, அதனால்தான் அம்மாவை "அவன்" என்றார்கள். கவனக் குறைவு இல்லை, திமிர் இல்லை. இப்போது முதல் வாரமே பலகையை இரண்டாகப் பிரித்து, இடது பக்கம் கிரியோல், வலது பக்கம் தமிழ் என்று எழுதுகிறேன். பிள்ளைகள் அவர்களாகவே வாலைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இங்கே தமிழ் சொல்லிக்கொடுக்க ஊரிலிருந்து வருகிறவர்கள் பலர் கிரியோலை ஒரு தடையாகத்தான் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். 2012-லிருந்து தொடக்கப் பள்ளிகளிலேயே கிரியோல் ஒரு பாடம். நாம் மட்டும் இன்னும் அந்தப் பெரிய வீட்டுக்காரர்கள் பேசியதைப் பேசிக்கொண்டிருக்கலாமா? தமிழ் வளர வேண்டும் என்று வருகிற ஒவ்வொருவரும் முதல் ஆறு மாதம் வாயைத் திறக்காமல் காதைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று சொல்வேன். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா அடுத்து என்ன கேட்பார் என்று தெரியும். அவர் மதம் மாற்றத்தானே வந்தார்? ஆமாம். அதை மறைக்க நான் யார், அவரே மறைக்கவில்லை. விடுதலையானவர்களுக்கு நிலத்தை வாங்கிக் கொடுத்துவிடவில்லை, தோட்ட முதலாளிகள் கையிலிருந்த தீவு அவர்கள் கையில்தான் இருந்தது. அதுவும் உண்மை. எனக்கு அவருடைய வேதம் வேண்டாம், எனக்கு என் முருகன் இருக்கிறான். ஆனால் யாருமே உட்காராத திண்ணையில் போய் உட்கார்ந்து, அவர்கள் பேச்சிலேயே பேசியவரை நான் ஏன் கும்பிடக் கூடாது?

ஒரு உதவி வேண்டும். கிரியோலில் ஒளிந்திருக்கும் தமிழ்ச் சொற்களை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். முரூம், கறிவேப்பிலையிலிருந்து வந்த காரிபூலே, ரசத்திலிருந்து வந்த ராசோன், புட்டிலிருந்து வந்த பூத்து என்று சேர்ந்துகொண்டே போகிறது. சமையலறைச் சொற்கள்தான் அதிகம் கிடைக்கின்றன. வயல், வீடு, சடங்கு, உறவுமுறை இவற்றில் குறைவு. மொரீஷியஸ் நண்பர்கள், ரீயூனியன் தீவில் இருப்பவர்கள், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாயில் கேட்ட சொல் ஏதாவது இருந்தால், தமிழா என்று சந்தேகமாக இருந்தாலும் பரவாயில்லை, எந்த ஊரில் கேட்டீர்கள் என்பதோடு சேர்த்து எனக்கு அனுப்புங்கள். தாந்தீன் நேற்று மூன்று கொடுத்தார்.