ராய்ரங்பூர் கவுன்சிலருக்கு ஒரு வணக்கம்

திரௌபதி முர்முவுக்கு நான் ஓட்டுப் போடவில்லை. நம்மில் யாருமே போட்டிருக்க முடியாது. ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பது எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தான். நம்ம குமரி மாவட்டத்துக்கு எம்.எல்.ஏ.க்கள் ஆறு பேர். தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டுக்கு மதிப்பு 176. அதையும் 1971 மக்கள்தொகையை வைத்துத்தான் இன்றைக்கும் கணக்குப் பார்க்கிறார்கள். 2022 ஜனாதிபதித் தேர்தலில் ஆறில் நாலு பேருடைய கட்சிகள் எதிர்க்கட்சி வேட்பாளர் யஷ்வந்த் சின்ஹா பக்கம் நின்றன. என் ஓட்டும் பல வருஷமாக அந்தப் பக்கம்தான். இனியும் அங்கேதான் விழும்.

ஆனாலும் 2022 ஜூலை 25, திங்கட்கிழமை காலை, குலசேகரத்தில் என் இ-சேவை கடைக் கம்ப்யூட்டரில் பதவியேற்பு நேரலையைப் போட்டுவிட்டு எல்லா வேலையையும் நிறுத்தினேன். வருமானச் சான்றுக்கு வந்தவர், ஆதார் திருத்த வந்தவர், சும்மா பேப்பர் படிக்க வந்தவர் எல்லாரும் சேர்ந்து நின்று பார்த்தோம். தலைமை நீதிபதி ரமணா பதவிப் பிரமாணம் செய்துவைத்தபோது நான் கை தட்டினேன். எதிர்த்த சாயாக்கடையில் எல்லாருக்கும் சாயாவும் பழம்பொரியும் என் கணக்கில் போகட்டும் என்றும் சொன்னேன். மதியம் அந்தக் கொண்டாட்டப் படத்தை இங்கே போட்டேன். "எப்ப மக்கா கட்சி மாறினே?" என்று கேட்டு இன்பாக்ஸ் நிறைந்துவிட்டது. சொந்தக்காரர்களும் கேட்டார்கள். அதனால்தான் இந்த நீளமான பதிவு.

மாறவில்லை. அந்த அம்மாவை யார் நிறுத்தினார்கள், எந்த மாநிலத் தேர்தலை மனதில் வைத்து நிறுத்தினார்கள் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். செல்லுபடியான ஓட்டு மதிப்பில் 64 சதவீதம் வாங்கினார். கட்சிக் கணக்கில் அது முன்கூட்டியே தெரிந்த முடிவு. நான் கை தட்டியது வேறு விஷயத்துக்கு. ஒடிசா மயூர்பஞ்ச் மாவட்டத்தில் உபர்பேடா என்கிற சந்தால் பழங்குடிக் கிராமத்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் தான்தான் என்று பதவியேற்ற அன்றே அவர் சொன்னார். படித்து முடித்து நீர்ப்பாசனம், மின்சாரத் துறையில் இளநிலை உதவியாளர். பிறகு ராய்ரங்பூரில் பள்ளி ஆசிரியை. 1997-ல் அதே ஊர் நகர் பஞ்சாயத்தில் கவுன்சிலர். அதற்கப்புறம்தான் எம்.எல்.ஏ., மந்திரி, ஜார்க்கண்ட் கவர்னர் எல்லாம். கணவரையும் இரண்டு பையன்களையும் சில வருஷ இடைவெளியில் பறிகொடுத்த பிறகு, வாழ்க்கைப்பட்ட ஊர் வீட்டைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளியாக மாற்றினார். இதில் எதை எடுத்தாலும் எந்தக் கட்சிக்காரனும் கை தட்டலாம்.

நகர் பஞ்சாயத்து என்றால் நம்ம ஊர் பேரூராட்சி மாதிரி. ஊர் பெரிதாகவும் இருக்காது, கிராமமாகவும் இருக்காது. ஓடை அடைத்தால், தெருவிளக்கு எரியாவிட்டால் ஆட்கள் கவுன்சிலரின் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். அந்த வேலையிலிருந்து ஒரு சந்தால் பெண் ராஷ்டிரபதி பவன் என்கிற 340 அறை மாளிகைக்குப் போயிருக்கிறார். நான் கொண்டாடுவது முக்கியமாக அந்த முதல் படியை.

"ரப்பர் ஸ்டாம்பு பதவிதானே, அதில் யார் உட்கார்ந்தால் என்ன?" என்று ஒரு நண்பர் கேட்டார். ரப்பர் மாவட்டத்தில் இருந்துகொண்டு ரப்பரை இப்படிக் கேவலப்படுத்தலாமா என்று சிரித்துவிட்டு விட்டேன், ஆனால் கேள்வி நியாயமானது. அமைச்சரவை ஆலோசனைப்படிதான் ஜனாதிபதி நடக்க வேண்டும் என்று அரசியல் சட்டம் 74-வது பிரிவு சொல்கிறது. ஒரு தடவை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம், திரும்பி வந்தால் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அந்த ஒரு தடவையைப் பயன்படுத்தியவர்களும் இருந்திருக்கிறார்கள். 1997-ல் உத்தரப் பிரதேச ஆட்சிக் கலைப்புப் பரிந்துரையை கே.ஆர். நாராயணன் திருப்பி அனுப்பினார். 2006-ல், எம்.பி.க்கள் வேறு அரசுப் பதவி வகிப்பது பற்றிய ஆதாயப் பதவி மசோதாவை அப்துல் கலாம் திருப்பி அனுப்பினார். முர்முவும் கவர்னராக இருந்தபோது ஒரு தடவை செய்தார். சோட்டா நாக்பூர், சந்தால் பர்கானா குத்தகைச் சட்டங்கள் பழங்குடி நிலம் வெளியாள் கைக்குப் போகாமல் காப்பவை. அவற்றைத் திருத்த வந்த மசோதாக்களை 2017-ல் அவர் திருப்பி அனுப்பினார். மசோதாவைக் கொண்டுவந்ததும் அவரைக் கவர்னராக்கியதும் ஒரே கட்சி. டெல்லியிலும் அந்த முதுகெலும்பு இருக்குமா என்பதைக் காலம்தான் காட்டும். அதில் நான் பந்தயம் கட்டவில்லை.

எனக்கு உறுத்துவது இன்னொரு செய்தி. அவருடைய சொந்த ஊரிலேயே ஒரு குடியிருப்புக்கு, அவர் வேட்பாளர் என்று அறிவித்த பிறகுதான் மின்சார வேலை தொடங்கியது என்று 2022 ஜூனில் எல்லாப் பேப்பரிலும் வந்தது. எம்.எல்.ஏ., மந்திரி, கவர்னர் எல்லாம் அந்த மண்ணிலிருந்து போயும் அந்தச் சில வீடுகளுக்கு வெளிச்சம் போகவில்லை. மேலே ஒருவர் போய் உட்கார்ந்தால் கீழே தானாக எல்லாம் இறங்கி வரும் என்று நம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கொண்டாடினால் மட்டும் போதாது என்று எனக்குத் தோன்றியது இதனால்தான்.

இப்போது நம்ம பக்கம். பேச்சிப்பாறை அணைக்கு மேலே, கோதையாற்றுப் பக்கம், மோதிரமலை, தச்சமலை என்று காணிக்காரர் என்கிற பழங்குடியினரின் குடியிருப்புகள் இருக்கின்றன. தச்சமலைக்காரர்கள் அணைத் தண்ணீரைப் படகில் கடந்துதான் இந்தப் பக்கம் வருவார்கள். 1906-ல் கட்டி முடித்த அணை அது. நாஞ்சில் நாட்டு வயலெல்லாம் அந்தத் தண்ணீரில் விளைகிறது. நல்லமிளகு, கைதச்சக்கை (அன்னாசி), மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) என்று அவர்கள் தலைச்சுமையாகக் கொண்டுவருவதை நாம் சந்தையில் பேரம் பேசி வாங்குகிறோம். படிப்பறிவில் தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம், 2011 கணக்குப்படி 91.75 சதவீதம் என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறோம். அந்த மலையிலிருந்து காலேஜ் போகும் ஒரு பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் எடுக்க என்ன பாடு என்பது என் கடைக்கு வந்து பார்த்தால்தான் தெரியும்.

பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர் சான்றிதழ்கள் தாலுகா அளவிலேயே முடிந்துவிடும். பழங்குடிச் சான்றிதழ் கோட்ட அளவில் போய்த்தான் கிடைக்கும். நமக்குத் தக்கலையில் இருக்கும் சார் ஆட்சியர் அலுவலகம். நடுவில் வி.ஏ.ஓ. விசாரணை, ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) விசாரணை, தாசில்தார் அறிக்கை. போலிச் சான்றிதழ் தடுக்க இவ்வளவு சல்லடை தேவை என்பதை ஒத்துக்கொள்கிறேன். காணிக்காரர் பெயர் அரசின் பழங்குடிப் பட்டியலில் குமரி மாவட்டத்தைப் பெயர் சொல்லியே இருக்கிறது, அதனால் நம்ம அதிகாரிகளுக்கு அந்தச் சமுதாயம் புதிதல்ல. கஷ்டம் வேறு எங்கேயோ இருக்கிறது. விண்ணப்பிக்க முதலில் கேன் நம்பர், அதாவது இ-சேவையில் விண்ணப்பிக்கிறவருக்கான அடையாள எண், பதிய வேண்டும், அதற்கு ஓடிபி வரும். ஓடிபி வருகிற போன் அப்பாவிடம் இருக்கும். அப்பா மலையில் இருப்பார். அங்கே சிக்னல் இருக்காது. பஸ் ஏறி வந்த பிள்ளை, சாயங்கால பஸ்ஸைப் பிடிக்க ஓடும். "நாளை வா மோளே" என்று சொல்வது எல்லாக் கடையிலும் சுலபம். மலையிலிருந்து நாளைக்கும் வருவது என்றால் ஒரு நாள் கூலி போயிற்று. தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டில் பழங்குடியினருக்கு இருப்பது 1 சதவீதம். அந்த ஒன்றையும் கைக்குக் கொண்டுவர இவ்வளவு அலைச்சல்.

இதைச் சரிசெய்ய ராஷ்டிரபதி பவனிலிருந்து யாரும் வரத் தேவையில்லை. கம்ப்யூட்டரும் நேரமும் இருக்கிற ஒரு ஆள் போதும். என்னிடம் இரண்டும் இருக்கிறது.

ஆகையால் ஆகஸ்ட் முதல், சனிக்கிழமை மதியத்துக்கு மேல் என் கடையில் மலையிலிருந்து வருகிறவர்களின் வேலை மட்டும்தான். என் கூலி வேண்டாம், அரசாங்கக் கட்டணத்தை மட்டும் கொடுத்தால் போதும். விண்ணப்பம் போட்ட பிறகும் அது எந்த மேசையில் நிற்கிறது என்று நானே பார்த்துச் சொல்கிறேன். ஏன் நிற்கிறது என்று பதில் வராவிட்டால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு எழுதித் தருகிறேன். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். இதை யாருக்கும் எதிரான போராட்டமாக நினைக்க வேண்டாம். நம்ம வட்டாரத்து அலுவலகங்களில் நல்ல ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், சரியாக எழுதிய மனு போனால் அவர்களுக்கும் வேலை எளிது.

இதைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. 2006 வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டில் குடியிருந்து பயிரிடுகிற பழங்குடிக் குடும்பம், 4 ஹெக்டேர் வரை உரிமை கேட்கலாம். உரிமைப் பத்திரம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் சேர்ந்து வர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. முடிவைத் தொடங்கி வைப்பது கிராம சபை. அதற்கு ஆதாரமாகப் பழைய காகிதம்தான் வேண்டும் என்பதில்லை. பெரியவர்கள் சொல்லும் வாக்குமூலத்தை எழுதி வைத்தால் அதுவும் ஆதாரம். முன்னோரைப் புதைத்த இடம், கும்பிடுகிற இடம், வெட்டிய கிணறு, கட்டிய வரப்பு, இவையும் ஆதாரம். இந்த விதியை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. காகிதமே இல்லாத மனிதர்களுக்காக யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதிய வரிகள்.

மூட்டுக்காணியும் (காணிக்காரர் ஊர்த் தலைவர்) ஊரின் வயதான பாட்டிமார்களும் சொல்லச் சொல்ல டைப் அடிக்க நான் தயார். அவர்கள் சொல்வதை என் அழகுத் தமிழில் திருத்த மாட்டேன் என்றும் உறுதி சொல்கிறேன். (திருத்தினால் என் மனைவி விட மாட்டாள், அவள் தமிழாசிரியை.)

அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு. பள்ளிக்கூடம், அங்கன்வாடி, குடிதண்ணீர், ரோடு, மின்கம்பி, தொலைத்தொடர்புக் கம்பி உட்பட 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தைக் கொடுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைத்தால் இதற்கு வழி இருக்கிறது. "ரிசர்வ் பாரஸ்ட், ஒன்றும் செய்ய முடியாது" என்று யாராவது சொன்னால், இந்தப் பிரிவைக் காட்டி மேற்கொண்டு கேளுங்கள். காட்டை அழிக்காமல் ஒரு குடியிருப்புக்கு வசதி கொண்டுபோகச் சட்டமே அளந்து வைத்திருக்கிற அளவு இது.

அடுத்த கிராம சபை ஆகஸ்ட் 15. 2022-லிருந்து மார்ச் 22, நவம்பர் 1 என்று இரண்டு நாள் கூடுதலாகச் சேர்ந்து வருஷத்துக்கு ஆறு கிராம சபை. நவம்பர் 1 உள்ளாட்சி தினமாம். நமக்கு அது தாய்த்தமிழகத்தோடு சேர்ந்த நாள். அன்றைக்கு மாவட்டத்துக்கு லீவு, அதனால் வேலைக்குப் போகிறவர்களும் வந்து உட்காரலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எனக்குக் கிராம சபையே கிடையாது. குலசேகரம் பேரூராட்சி. கிராம சபை ஊராட்சிகளுக்கு மட்டும்தான். தென்னையும் வாழையும் ரப்பரும் சூழ்ந்து கிடக்கிற நம்ம மாவட்டத்தில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் அரசுக் கணக்கில் நகரவாசிகள். பேச்சிப்பாறை ஊராட்சி சபையில் பேசும் உரிமை அந்த ஊராட்சி வாக்காளர்களுக்கு உண்டு, எனக்கு இல்லை. அது சரிதான். மனுவை நான் டைப் அடித்துக் கொடுக்கலாம், அங்கே எழுந்து நின்று பேச வேண்டியவர்கள் அவர்கள்.

என் பங்குக்கு என் வார்டு இருக்கிறது. 2016-ல் பதவிக்காலம் முடிந்த பிறகு 2022 பிப்ரவரி வரை நகர்ப்புற உள்ளாட்சிகளில் கவுன்சிலர்களே இல்லை. ஐந்து வருஷத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தது, நமக்கு அதன் குறைகூடத் தெரியவில்லை என்பதுதான் வெட்கம். இப்போது ஆள் வந்தாயிற்று. பாதி இடம் பெண்களுக்கு. பல வார்டுகளில் போர்டில் அக்கா பெயர் இருக்கும், போன் அடித்தால் மச்சான்தான் பேசுவார். "என்ன காரியம்னு எங்கிட்ட சொல்லு மக்கா, அவகிட்ட நான் சொல்லிருதேன்." இனி நான் மச்சானிடம் சொல்வதாக இல்லை. கவுன்சிலர் அக்காவிடமே பேசுவேன், மனுவிலும் அவர் பெயரைத்தான் எழுதுவேன். 1997-ல் ராய்ரங்பூரில் மச்சான்மார் மட்டும் போன் எடுத்திருந்தால் இன்றைக்கு நமக்கு இந்த ஜனாதிபதி கிடைத்திருக்க மாட்டார்.

வார்டில் நான் கேட்கப் போகிற முதல் காரியம் பெரிதாக ஒன்றுமில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம், மலைக்குப் போகிற பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவர்களுக்கு மழை நனையாமல் உட்கார ஒரு இடமும் பெண்களுக்குச் சுத்தமான ஒரு கழிவறையும். காலையில் ஐந்து மணிக்கு வீட்டை விட்டு இறங்குகிற ஒரு காலேஜ் பிள்ளை இதைப் பற்றி வாய் திறந்து யாரிடமும் கேட்காது. ஊர்க்காரன் நான் கேட்கலாம்.

நண்பர்களில் வக்கீல்கள் இருக்கிறீர்கள், ஓய்வு பெற்ற வருவாய்த் துறைக்காரர்களும் இருக்கிறீர்கள். வன உரிமைப் படிவங்களைப் போடும்போது கூட இருந்து பார்த்துத் தர ஆள் வேண்டும், சனிக்கிழமை மதியம் வாருங்கள், சாயா உண்டு. கட்சி கேட்க மாட்டேன், என்னிடமும் கேட்காதீர்கள்.

மலையில் தெரிந்தவர்கள் இருந்தால் இந்தப் பதிவை வாசித்துக் காட்டுங்கள். சான்றிதழுக்கு வருகிறவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், அப்பா அல்லது அம்மாவின் சாதிச் சான்றிதழ் இருந்தால் அது, பள்ளி மாற்றுச் சான்றிதழ் எல்லாம் எடுத்து வரச் சொல்லுங்கள். ஆதாரில் எந்த நம்பர் இருக்கிறதோ அந்தப் போனையும் மறக்காமல், சார்ஜ் போட்டு.